அந்த மஞ்சள் விளக்கு ஏன் அணைய மறுக்கிறது?
டயர் காற்றழுத்த சென்சாரும் டயர் கடையில் நடக்கும் தவறுகளும்: ஓர் எளிய விளக்கம்

வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. குதிரை லாடத்தை நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு வளைவு, அடியில் பல் பல்லாக, நடுவே ஆச்சரியக்குறி. டயரைக் குறுக்கே வெட்டினால் தெரியும் உருவம் அது. காற்று பிடித்துவிட்டு வந்தாலும் அணையவில்லை. ஒரு கடையில் "சென்சார் போச்சு, மாத்தணும்" என்பார்கள். அடுத்த கடையில் "அது அப்படித்தான் எரியும், கண்டுக்காதீங்க" என்பார்கள். இரண்டும் சோதித்துப் பார்க்காமல் சொல்லும் பதில்கள்.

விளக்கு எரியும் விதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஓரிரு வினாடி எரிந்து அணைந்தால் அது பல்பு சோதனை, கவலை வேண்டாம். எரிந்தது எரிந்தபடியே நின்றால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது. முதல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் வரை விட்டுவிட்டு மின்னி, பிறகு நிலையாக எரிந்தால் கோளாறு சென்சாரிலோ அதன் பேச்சைக் கேட்கும் கருவியிலோ இருக்கிறது. மின்னிய விளக்குக்குக் காற்று அடித்துப் பயனில்லை. நிலையாக எரிந்த விளக்குக்குச் சென்சார் மாற்றுவது வீண் செலவு. கடைக்குப் போகும் முன் இந்த ஒன்றை மட்டும் கவனித்து வைத்துக்கொண்டாலே பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

காற்றழுத்தத்தைக் கண்காணிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேரடி முறை. நான்கு சக்கரங்களுக்குள்ளும் ஆளுக்கொரு சென்சார் உட்கார்ந்து அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் சொல்லும். இன்னொன்று மறைமுக முறை. இதில் சக்கரத்துக்குள் எதுவுமே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) ஏற்கெனவே இருக்கும் வேக சென்சார்களைக் கொண்டே கணக்குப் போடும். காற்று குறைந்த டயர் கொஞ்சம் அமுங்கும், அதன் சுற்றளவு சிறிது சுருங்கும், அதே தூரத்தைக் கடக்க அது மற்ற மூன்றையும்விட அதிகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். அந்த வித்தியாசத்தை மென்பொருள் கண்டுபிடிக்கிறது. புதிய வகைகள் டயரின் அதிர்வையும் சேர்த்துப் பார்க்கின்றன.

எது இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. திரையில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனி எண் காட்டினால் நேரடி முறை. எண் எதுவும் காட்டாமல், 'டயர் அழுத்தத்தைப் பதிவு செய்' என்பது போல ஒரு பட்டனோ மெனுவோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் மறைமுக முறை. வண்டியோடு வந்த கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். வால்வு உலோகமா ரப்பரா என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. ரப்பர் வால்வின் அடியிலும் சென்சார் தொங்குவதுண்டு. டயர் கடைகளில் சென்சார் உடைவதற்கு இந்தத் தப்புக்கணக்கே ஒரு முக்கியக் காரணம்.

மறைமுக முறைக்காரர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது பெரிது. விளக்கு எரிந்ததும் காற்றைப் பார்க்காமல் அந்தப் பட்டனை அழுத்திவிடுவார்கள். விளக்கு அணையும், மனசு நிம்மதியாகும். உண்மையில் நடந்தது என்னவென்றால், "இந்தக் குறைந்த அழுத்தம்தான் சரியான அழுத்தம்" என்று வண்டிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். இனி இன்னும் மோசமானால்தான் அது வாய் திறக்கும். சரியான வரிசை இது: டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் சரியான அளவு காற்று, பிறகு பட்டன், பிறகு அது புதிய அளவைக் கற்றுக்கொள்ளும் வரை வழக்கம்போல ஓட்டுதல். டயர் இடம் மாற்றினாலும், ஒரு டயரை மட்டும் புதிதாகப் போட்டாலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று தேய்ந்த டயர்களுக்கு நடுவே ஒரு புது டயர் இருந்தால் சுற்றளவு வேறுபடும், பொய் எச்சரிக்கை வரும்.

இனி நேரடி முறை. உடைவதும் திணறவைப்பதும் அதுதான்.

சக்கரத்துக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி

வால்வைப் பிடித்து வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது ஒரு தண்டு மட்டும். ரிம்முக்கு உள்பக்கம் அந்தத் தண்டின் வாலில் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதற்குள் அழுத்தமானி, வெப்பமானி, சக்கரம் சுழல்கிறதா என்று அறியும் முடுக்கமானி, ஒரு சின்ன ரேடியோ, ஒரு லித்தியம் பேட்டரி. எல்லாம் பிசின் ஊற்றி மூடப்பட்டவை. பெட்டியின் மேல் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. அழுத்தம் உள்ளே போவது அந்தத் துளை வழியாகத்தான். இந்தத் துளையை நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாதபடிதான் பெரும்பாலான சென்சார்கள் செய்யப்படுகின்றன. ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள். அதை மிச்சப்படுத்தவே வண்டி நிற்கும்போது சென்சார் தூங்கிவிடும். சக்கரம் சுழலத் தொடங்கி வேகம் பிடித்ததும் முடுக்கமானி எழுப்பிவிடும். காற்று அடித்த கையோடு விளக்கு அணையவில்லை என்று மறுபடி மறுபடி அடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சரியாக அடித்துவிட்டு ஐந்து, பத்து நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலும் தானே அணையும்.

ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. வண்டியின் கணினியில் "முன் இடது: இந்த எண், முன் வலது: இந்த எண்" என்று ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத எண் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் வண்டி காதில் போட்டுக்கொள்ளாது. அலைவரிசையும் பொருந்த வேண்டும். உலகில் பரவலாக இருப்பவை 315 மெகாஹெர்ட்ஸ், 433 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு. ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் திருகு அழகாகப் பொருந்தும், ஆனால் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் விளக்கு மின்னிவிட்டு நிலையாக எரியும்.

விளக்கு எரியும்வரை காத்திருப்பது ஏன் தவறு

இந்தக் கருவியைச் சட்டமே கட்டாயமாக்கிய இடங்கள் உண்டு. அமெரிக்காவில் 2000-இல் வந்த சட்டத்தின் தொடர்ச்சியாக, 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புதிய இலகு வாகனங்களிலும் இருந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறையும்போது விளக்கு எரிய வேண்டும். ஐரோப்பாவில் 20 சதவீதம்.

இதைக் கணக்காகப் பார்த்தால் திடுக்கிடும். வண்டிக்கு 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்றால், 25 சதவீதம் போக மிஞ்சுவது 25-க்கும் சற்றுக் குறைவு. 20 சதவீதம் என்றாலும் 26 சொச்சம்தான். அதாவது 28 பிஎஸ்ஐ-யில் நீங்கள் மாதக்கணக்காக ஓட்டலாம். டயரின் இரு தோள்களும் (தரையைத் தொடும் பகுதியின் ஓரங்கள்) தேயும், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், சைடுவால் எனும் பக்கச் சுவர் சூடாகும். விளக்கோ வாயே திறக்காது. அது 'ஆபத்து' என்று சொல்லும் கருவி, 'சரி' என்று சான்று தரும் கருவி இல்லை. நல்ல டயரே மாதத்துக்கு 1 பிஎஸ்ஐ அளவில் காற்றை இழக்கும். மாதம் ஒருமுறை சொந்த அளவுமானி வைத்துப் பார்ப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

எந்த அளவு அடிப்பது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டிகளில் எரிபொருள் மூடியின் உள்பக்கம். அதில் உள்ள எண்தான். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிப்பவர்கள் கடைகளிலும் இருக்கிறார்கள். பார் என்று குறித்திருந்தால் 1 பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ.

ஸ்டிக்கரில் உள்ளது குளிர்ந்த டயருக்கான எண். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். ஏன் இந்தப் பிடிவாதம் என்றால்: நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு டயருக்குள் காற்று 50 டிகிரி செல்சியஸில் இருக்கிறது என்று வையுங்கள். அப்போது சரியாக 33 பிஎஸ்ஐ வைத்து அனுப்புகிறார் கடைக்காரர். இரவில் அதே காற்று 25 டிகிரிக்கு ஆறியதும் அழுத்தம் 29 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கிவிடும். 10 டிகிரிக் குளிரில் விடிந்தால் 27. யாரும் காற்றைப் பிடுங்கவில்லை, பஞ்சரும் இல்லை, ஆனால் விளக்கு எரியும் எல்லையின் விளிம்பில் நிற்கிறீர்கள். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்து விடியலில் எரிந்து, நண்பகலில் தானாக அணையும் விளக்கின் மர்மம் இவ்வளவுதான். சென்சாரைக் குறை சொல்லாதீர்கள், அது உண்மையைத்தான் சொல்கிறது.

இதே காரணத்தால், சூடான டயரில் 36 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடவும் கூடாது.

கடையில் எங்கே உடைகிறது

டயரை ரிம்மிலிருந்து கழற்றும் முதல் வேலை, பீட் எனப்படும் கெட்டியான ஓர வளையத்தை ரிம்மின் விளிம்பிலிருந்து பிரித்துத் தள்ளுவது. மெஷினின் பக்கவாட்டில் மண்வெட்டித் தகடு போல ஒன்று இருக்கும். மிதிகட்டையை அழுத்தினால் காற்று விசையில் அது வந்து டயரின் பக்கத்தை ரிம்மை ஒட்டி உள்ளே அமுக்கும். சென்சார் இருப்பது வால்வுக்கு நேர் பின்னால். தகடு வால்வுக்கு அருகே இறங்கினால், உள்ளே போகும் பீட் நேராகப் பெட்டியின் மேல் விழும். வெளியே 'டக்' என்று ஒரு சத்தம்கூடக் கேட்காமல் போகலாம். டயர் மாட்டி, காற்றடித்து, பணம் வாங்கி, நீங்கள் பாதி தூரம் போன பிறகு விளக்கு மின்னும். திரும்பி வந்தால் "வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்பார்கள். நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

சரியான முறை கடினமானதில்லை. முதலில் வால்வு கோரை, அதாவது தண்டுக்குள் இருந்து காற்றைத் தடுக்கும் சின்னத் திருகு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விட வேண்டும். சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்து, வால்வு 12 மணியில் இருப்பதாகக் கொண்டால், தகடு அழுத்த வேண்டிய இடங்கள் 3, 6, 9 மணி. 12-க்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் அழுத்தும்போதும் இதே கணக்கு. முதல் பக்கம் கவனமாகச் செய்துவிட்டு மறுபக்கத்தில் உடைப்பவர்களே அதிகம். கடப்பாரை நுழைத்து பீடைத் தூக்கும்போதும் அது வால்வுப் பக்கம் ஆழமாகப் போகக் கூடாது. புது டயரை ஏற்றும்போது பீடின் கடைசிப் பகுதிதான் இறுகி நின்று, வெடுக்கென்று உள்ளே விழும். அந்தக் கடைசிப் பகுதி சென்சார் இருக்கும் இடமாக அமையாதபடி சக்கரத்தைத் தொடக்கத்திலேயே திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். பீடுக்கு வழுக்குப் பசை தாராளமாகத் தடவினால் பாதிப் போராட்டம் இல்லை.

அடுத்தது வால்வு. பார்க்க அற்பம், தொல்லையில் பெரியது.

சென்சாரோடு வரும் அலுமினியத் தண்டுக்குள் இருக்க வேண்டியது நிக்கல் பூசிய வால்வு கோர். பழுது பார்க்கும் கடைகளில் டப்பா டப்பாவாகக் கிடப்பது சாதாரணப் பித்தளைக் கோர். திருகு ஒன்றேதான், பிரச்சினையில்லாமல் ஏறும். ஆனால் பித்தளையும் அலுமினியமும் ஈரத்தோடு ஒட்டி இருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். சில மாதங்களில் இரண்டும் ஒன்றாக இறுகிப்போகும். அதைத் திருகிக் கழற்ற முயன்றால் தண்டே முறியும். தண்டு முறிந்தால் பல சென்சார்களில் சென்சாரையே மாற்ற வேண்டியிருக்கும். அலங்கார உலோக மூடிகளும் இதே வேலையைத்தான் செய்யும். பளபளப்பாக இருக்கிறதே என்று வாங்கி மாட்டாதீர்கள், கறுப்புப் பிளாஸ்டிக் மூடி போதும். ஆனால் மூடி கட்டாயம் வேண்டும். தண்ணீரும் மண்ணும் வால்வுக்குள் போகாமல் காப்பது அதுதான்.

உலோகத் தண்டின் அடியில் ஒரு ரப்பர் வளையம், வெளியே ஒரு நட்டு. ரப்பர் ஒருமுறை அமுங்கி அந்த வடிவத்துக்குப் பழகிவிட்டால் இரண்டாம் முறை சரியாக அடைக்காது. எனவே டயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வளையம், நட்டு, வால்வு கோர், மூடி நான்கையும் புதிதாகப் போட வேண்டும். இவை ஒரே பொட்டலமாக 'சர்வீஸ் கிட்' என்ற பெயரில் கிடைக்கும். பல கடைகளில் இதை வாங்கி வைப்பதே இல்லை. பழைய ரப்பரையே வைத்து, கசியக் கூடாது என்று நட்டை ராட்செட் போட்டு முறுக்குவார்கள். அந்த நட்டுக்குத் தேவையான முறுக்கம் சென்சாரைப் பொறுத்து 4 முதல் 8 நியூட்டன் மீட்டர். சக்கர நட்டுக்குப் போடுவதோ 100-ஐ ஒட்டியது. வால்வு கோருக்கு அரை நியூட்டன் மீட்டர்கூடத் தேவையில்லை, விரல் நுனிப் பலம் போதும். அலுமினியத் தண்டின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கழற்றும் முன்பே கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.

ரப்பர் தண்டு வகையில் வேலை இன்னும் எளிது. தண்டை அறுத்தெறிந்துவிட்டு, சென்சாரின் சின்னத் திருகைக் கழற்றி, புதுத் தண்டில் மாட்ட வேண்டியதுதான். டயர் மாற்றும்போதெல்லாம் ரப்பர் தண்டும் மாற வேண்டும், சென்சார் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பஞ்சர்: வெளியிலிருந்து திரி, உள்ளே என்ன?

ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். சக்கரத்தைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, அரம் போன்ற கம்பியால் துளையைக் குடைந்து, பசையில் தோய்ந்த ஒரு திரியைச் சொருகி, மிச்சத்தை வெட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். வழியில் மாட்டிக்கொண்டவருக்கு இது உயிர்காக்கும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அது தற்காலிக வேலை. இரண்டு விஷயங்கள் அதில் விடுபடுகின்றன.

ஒன்று, உள்ளே பார்க்கவில்லை. காற்று இறங்கிய டயரில் சிறிது தூரம் ஓட்டினாலும் சைடுவாலின் உள்பக்கம் மடங்கி உராய்ந்து ரப்பர் பொடியாக உதிரும். டயரைக் கழற்றினால் உள்ளே கறுப்புத் தூள் கொட்டிக் கிடக்கும், சுற்றிலும் ஒரு வளையமாகத் தேய்ந்த தடம் தெரியும். அந்த டயருக்குப் பஞ்சர் போடுவதில் அர்த்தமில்லை, தூக்கிப் போட வேண்டியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு, திரி துளையை அடைக்கிறது, டயரின் உட்புற ஜவ்வை ஒட்டவில்லை. ஓரமாகக் கசியும் காற்றும் வெளியிலிருந்து இறங்கும் ஈரமும் நடுவிலுள்ள எஃகுக் கம்பிப் பட்டைக்குப் போகும். கம்பி துருப்பிடிக்கும், காலப்போக்கில் ரப்பரை விட்டுப் பிரியும்.

முறையான பழுது என்றால் டயரைக் கழற்றி, உள்ளே சோதித்து, துளையை அதன் கோணத்திலேயே துரப்பணத்தால் சுத்தம் செய்து, சுற்றியுள்ள ரப்பரைக் குறைந்த வேகத்தில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தூசியை உறிஞ்சியெடுத்து, பசை தடவிக் காயவிட்டு, காளான் வடிவப் பேட்சை உள்ளிருந்து இழுத்து, உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்டுவது. காளானின் தண்டு துளையை அடைக்கும், குடை உள் ஜவ்வை அடைக்கும். அவசரப்படுபவர்கள் கோட்டைவிடும் இடம் பசை காயும் நேரம். ஈரப்பசையில் ஒட்டிய பேட்ச் சூட்டில் நகர்ந்துவிடும்.

எதை ஒட்டலாம் என்பதற்கும் எல்லை உண்டு. தரையைத் தொடும் ட்ரெட் பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு மிகாத துளை. தோளிலும் சைடுவாலிலும் கூடாது. அங்கே டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது, எந்தப் பேட்சும் நிற்காது. ஒரு பேட்சின் மேல் இன்னொரு பேட்ச் ஏறுவது போலவும் கூடாது.

சென்சார் உள்ள சக்கரத்தில் பஞ்சர் திரவத்தை ஊற்றினால் வேறொரு தொல்லை. முன்பு சொன்ன ஊசித்துளை ஞாபகம் இருக்கிறதா? திரவம் அதில் போய் உறைந்தால் சென்சார் கடைசியாக அளந்த எண்ணையே கிளிப்பிள்ளை போலச் சொல்லிக்கொண்டிருக்கும், அல்லது ஏறுமாறாகச் சொல்லும். 'சென்சாருக்குப் பாதுகாப்பானது' என்று எழுதிய புட்டியாக இருந்தாலும் அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்தி, விரைவில் டயரைக் கழற்றித் துடைத்தெடுக்க வேண்டும். துளையைக் குண்டூசியால் குத்தக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். திரவம் ஊற்றியிருப்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்வது மரியாதையும்கூட. சொல்லாவிட்டால் டயரைத் திறந்ததும் அவர் மேல்தான் கொட்டும்.

இடம் மாறிய சக்கரம், மாறாத பட்டியல்

தேய்மானம் சமமாக இருக்க முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றுவது வழக்கம். சென்சாரும் கூடவே போகும். சில வண்டிகள் புதிய இடத்தைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும். சிலவற்றைக் கற்றல் நிலைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு சக்கரத்தின் வால்வு அருகிலும் ஒரு கைக்கருவியைக் காட்டி வரிசையாக எழுப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டதும் வண்டி ஹாரன் அடித்தோ விளக்கை மின்னியோ ஒப்புக்கொள்ளும். வேறு சிலவற்றில் எண்களைக் கருவியில் படித்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட் வழியாக எழுத வேண்டும்.

இதைச் செய்யாமல் விட்டால் வரும் குழப்பம் வேடிக்கையானது. பின் இடதில் ஆணி. திரையோ முன் இடதில் காற்று குறைவு என்கிறது. கடைக்காரர் முன் இடதைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கிறார், குமிழியே இல்லை. "டயர் நல்லா இருக்கு, சென்சார்தான் தப்பு" என்று தீர்ப்பு. நல்ல சென்சார் குப்பைக்குப் போகிறது, ஆணி அப்படியே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஒரு சக்கரத்தில் மட்டும் 4 பிஎஸ்ஐ இறக்கிவிட்டுச் சில நிமிடம் ஓட்டுங்கள். திரையில் எந்த இடத்து எண் இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு காற்றை மறுபடி நிரப்பிவிடுங்கள்.

நான்கிலும் அளவு சரி, ஆனாலும் விளக்கு நிலையாக எரிகிறதா? ஸ்டெப்னியைப் பாருங்கள். சில வண்டிகளில் அதற்குள்ளும் சென்சார் உண்டு, அதில் காற்று அடித்து வருடமாகியிருக்கும்.

எதுவும் பிடிபடாமல் ஒரு டயர் மட்டும் வாரம் 2, 3 பிஎஸ்ஐ இறங்கினால் சோப்புத் தண்ணீர்தான் சிறந்த நிபுணர். தெளிக்கும் புட்டியில் கொஞ்சம் அடர்த்தியாகவே கலக்குங்கள். வால்வின் வாயில் ஒரு சொட்டு: குமிழி வந்தால் கோர் கசிகிறது. தண்டு ரிம்மைச் சந்திக்கும் இடம்: வந்தால் ரப்பர் வளையம். ரிம்மும் டயரும் சேரும் கோட்டில் இரு பக்கமும் முழுச் சுற்று: வந்தால் ரிம்மில் அரிப்போ, பீடில் சிக்கிய குப்பையோ. கடைசியாக ட்ரெட், குறிப்பாகப் பழைய பஞ்சர் போட்ட இடம். மெல்லிய கசிவில் குமிழி எழ ஓரிரு நிமிடம் ஆகும், சோப்பு நுரை போலப் பொடிப்பொடியாக வரும். தெளித்த கையோடு நகர்ந்துவிட்டால் தவறவிடுவீர்கள்.

கடையில் என்ன கேட்பது

சக்கரத்தில் கை வைக்கும் முன்: "சென்சார் இருக்கு, முதல்ல நாலையும் கருவியில படிச்சுக் காட்டுங்க." கருவி இருக்கும் கடை இதை மறுக்காது. ஒவ்வொன்றின் எண், அழுத்தம், வெப்பம் தெரியும், பல சென்சார்களில் பேட்டரி நிலையும். வேலை முடிந்ததும் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். முன்பு பேசிய சென்சார் இப்போது பேசவில்லை என்றால் யார் உடைத்தது என்ற வாதமே எழாது. கருவி இல்லாத கடையில் திரையில் நான்கு எண்களும் வருவதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது ஓரளவு உதவும். இது கடைக்காரருக்கும் பாதுகாப்புதான். ஏற்கெனவே செத்துப்போன சென்சாருக்கு அவர் ஏன் பழி சுமக்க வேண்டும்?

சக்கரத்தை மாட்டும்போது கவனிக்க இரண்டே விஷயம். சென்சார் மாறியிருந்தால், அதன் எடை சில பத்து கிராம் என்பதால், பேலன்சிங் திரும்பப் பார்க்க வேண்டும். நட்டுகளை ஏர் கன்னால் மட்டும் முடித்துவிடக் கூடாது. முதலில் கையால் சில சுற்று ஏற்றி, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, முறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடிக்க வேண்டும். ஏர் கன்னால் அறைந்து இறுக்கிய நட்டு, நள்ளிரவில் ஸ்டெப்னி மாற்றும்போது உங்கள் கைக்கு அசையாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை மறுபடி சரிபார்ப்பது நல்லது.

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் வெளிச் சென்சார்களைப் பலர் கேட்கிறார்கள். சென்சாரே இல்லாத பழைய வண்டிக்கு அவை மோசமில்லை. ஆனால் மாட்டியிருக்கும்வரை அவை வால்வு ஊசியை அழுத்தித் திறந்தபடியே வைத்திருக்கும். அதன் சின்ன வாஷர் தேய்ந்தால் காற்று அந்த வழியே போகும். நீளமான ரப்பர் தண்டில் மாட்டினால் வேகத்தில் அந்த எடை தண்டை ஓயாமல் வளைக்கும், அடியில் வெடிப்பு வரும். மாட்டுவதென்றால் குட்டையான தண்டிலோ உலோகத் தண்டிலோ மாட்டி, உடனே சோப்புத் தண்ணீரில் சோதியுங்கள்.

சென்சார் ஒன்று ஏழெட்டு ஆண்டுக்குப் பிறகு செத்தால் மற்ற மூன்றும் அதே வயதுதான். பேட்டரி முதலில் குளிர்ந்த காலைகளில் திணறும், பிறகு நிரந்தரமாக அடங்கும். டயர் மாற்றும் நேரமாக இருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுவது லாபம், கூலி ஒருமுறையோடு போகும். அப்போது எண்ணைப் பிரதியெடுக்கக்கூடிய சென்சாரைக் கேளுங்கள். பழைய சென்சாரின் அடையாள எண்ணையே புதியதில் எழுதிவிட்டால் வண்டிக்கு மாறியதே தெரியாது, கற்றல் வேலை எதுவும் வேண்டாம். ஆனால் செத்த சென்சாரைக் கருவியால் படிக்க முடியாது. எண் அதன் உடம்பில் அச்சாகியிருந்தாலும் அதைப் பார்க்க டயரைக் கழற்றியாக வேண்டும், பல ஆண்டு ஓடியதில் எழுத்தும் அழிந்திருக்கலாம். அதனால் நான்கும் உயிரோடு இருக்கும்போதே, கடைக்காரர் கருவியில் படிக்கும் அன்றைக்கே, எந்தச் சக்கரத்துக்கு எந்த எண் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வண்டிக் கையேட்டின் அட்டைக்குள் சொருகிவிடுங்கள்.